உங்கட பேர் என்ன

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
கதவு சரியாகப் பூட்டாத ஓர் அறை.
மிஸ் உபேக்ஷா பேனையைத் திறந்து
பரீட்சைக்குப் படித்த தமிழில் கேட்டார்:
உங்கட பேர் என்ன?

பதில் வரவில்லை.
முதல் வியாழன் முழுக்க வரவில்லை.
பிளேன்டீ ஆறி, கோப்பையின் ஓரத்தில்
கறை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில்
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
வலிப்பு வந்து நான் விழுந்தபோது
அம்மா தூக்கிக்கொண்டு ஓடியது
இந்த ஆஸ்பத்திரிக்கு இல்லை.
மேல் லயத்தில்
இரண்டு காம்பராவை இடித்து ஒன்றாக்கி
நீலச் சாயம் அடித்த ஜெபவீடு.
மூன்று இரவு. தகரத்தில் மழை.
மழையை மிஞ்ச ஒரு மைக்.
சாக்குக்குள் கொழுந்தை அமுக்குகிற மாதிரி
பாஸ்டரின் உள்ளங்கை என் உச்சியில்.
உன் பேர் என்ன? சொல்லு, உன் பேர் என்ன?

சத்தியகலா, என்றேன்.
பொய், என்றார்கள்.
சத்தியகலா.
பொய்யின் ஆவியே, உண்மையைப் பேசு.

மூன்றாம் இரவு, பசி தாங்காமல்,
கறுப்பி, என்றேன்.
அது தொங்கல் வீட்டு ஆட்டின் பேர்.
அல்லேலூயா கூரையைத் தூக்கியது.
அம்மா சந்தோஷத்தில் அழுதார்.
எனக்குக் கஞ்சி கொடுத்தார்கள்.

வலிப்பு போகவில்லை.
கறுப்பியும் போகவில்லை.
இருபத்தெட்டு வயதில்,
சலூனில் தலை கழுவிய பெண்ணின் கையைத்
தட்டிவிட்டு ஓடியிருக்கிறேன்
ஹட்டன் கடைவீதியில், நுரை வழிய வழிய.
எவனோ ஒருவன் கட்சிக் கூட்டத்துக்கு
ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்றால்
எனக்கு வயிறு கலங்கும்.

ஐந்தாம் வியாழனோ ஆறாம் வியாழனோ
ஒரு சொல் மட்டும் வெளியே வந்தது: பாவம்.
என்ன செய்தேன் என்று
இன்றுவரை தெரியாத பாவம்.
அனே, பவ், என்றார் மிஸ், தன்னையறியாமல்.
உடனே மன்னிப்புக் கேட்டு,
எங்கட பாஷையிலயும்
ரெண்டுக்கும் அந்த ஒரு சொல்தான், என்றார்.

எந்த ரெண்டுக்கும் என்று யோசித்தபடி பஸ் ஏறினேன்.
ஹட்டன் ஏற்றத்தில் எஞ்சின் முனகும்போது புரிந்தது.
கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து
யாராவது ஒருத்தர்
ஐயோ பாவம் என்று சொல்லியிருக்கலாம்.
கொண்டக்டர் மிச்சக் காசை
நீட்டிக்கொண்டே நின்றார்.

உங்கட கையை
உங்கட தலையில வச்சுப் பாருங்க, என்றார் மிஸ்.
ஏலாட்டி வேணாம்.

ஏலாட்டி வேணாம்.
இதை அதுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை.

மூன்று மாதம் ஏலவில்லை.
ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருக்கையில்
பார்த்தால் கை அங்கேதான் இருந்தது.
குளிர்ந்த கை. பனியில் துணி காயப்போட்ட கை.
வேறொன்றும் நடக்கவில்லை.

ஆண்டவர் இருக்கிறாரா என்று
மிஸ் ஒருநாளும் கேட்டதில்லை.
சில இரவுகளில் ஜெபவீட்டுப் பாட்டொன்று
தானாக வாயில் வருகிறது.
முழுக்கப் பாடிவிட்டே படுக்கிறேன்.
நல்ல ராகம்.

ஞாயித்துக்கெழம உபவாச ஜெபம்,
வந்துரு புள்ள, என்றார் அம்மா போனில்.
உடுப்புக் கழுவணும்மா, என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
இங்க மழ புடிச்சிருச்சு, என்றார் பிறகு.
எனக்கும் கேட்டது, அந்தத் தகரம்.
போனை வைக்காமல்
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வலிப்புக்கு வேறு கிளினிக், வேறு துண்டு.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வெள்ளை மாத்திரை.
மருந்து ஜன்னலில் நிமிராமல் கேட்டான் பையன்:
பேர்?

சொன்னேன்.
ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதினான்.
திருத்தச் சொன்னேன்.
வரிசையில் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.
அவன் வெட்டி எழுதி முடிக்கும்வரை
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.