சந்திப்பு நேரம்: 602ஆம் எண் பேருந்து

நலமா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது.
வால்பரைசோ மலைச்சரிவுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்று,
வீன்யாவின் தனியார் கல்லூரியிலிருந்து ஒன்று,
கில்லோட்டாவின் மாலைநேரப் பிரிவிலிருந்து
எழுத்துப் பிழையோடு இன்னொன்று.
மூன்றும் ஒரே வாரத்தில்.
பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ.

"பணியில் உங்களை ஊக்குவிப்பது எது?
ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பிடுக."

எங்களை இந்த நாட்டில் டாக்சி வாத்தியார்கள் என்பார்கள்.
மீட்டர் ஓடும்வரைதான் கூலி.
மார்ச்சில் ஏற்றிக்கொண்டு டிசம்பரில் இறக்கிவிடுவார்கள்.
ஜனவரி, பிப்ரவரி கடற்கரை முழுக்கக் கோடை.
தலைநகரத்துக்காரர்கள் குடை விரித்துப் படுத்திருக்க
நான் நாத்தனார் கடையில்
எம்பனாடா பொரித்துக்கொண்டிருப்பேன்.

சம்பளத்துக்கு நாங்களே எழுதித் தரும் ரசீதின் பெயரில்
கௌரவம் என்றொரு சொல் இருக்கிறது.
ரசீதில் இருக்கிறது.

திரவ இயக்கவியல் நடத்துகிறேன். பதினேழு வருடம்.
நூற்று நாற்பத்தொரு விடைத்தாள், ஒரே ஒரு தெர்மாஸ்.
மேசை கிடையாது. கதவில் பெயர் கிடையாது;
கதவே கிடையாது.
முதுகுப்பைக்குள் அலுவலகம்:
சிவப்பு மை, மாற்றுச் சாக்ஸ், பாதி ரொட்டி,
மூன்று நூலக அட்டைகள், அதில் ஒன்று காலாவதி.

"தங்கள் அறையின் காற்றோட்டம் திருப்திகரமா?"

ஆம். நடத்துநர் இல்லாத வண்டி,
முன்பக்க ஜன்னல் மூடுவதில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய், நல்ல குளிர்.
எஸ்பான்யா சாலையில் கடல் சுவர் ஏறி அடித்துக்கொண்டிருந்தது.
நயாரெத் ஒல்காடோ,
மூன்றாம் முறை இதே தேர்வை எழுதப்போகிறவள்,
நிறுத்தத்தில் காத்திருந்து கூடவே ஏறிக்கொண்டாள்.
"உங்கள் சந்திப்பு நேரம் எப்போது, ப்ரொஃபே?"
"இப்போதிலிருந்து ரெக்ரெயோ வரை."

அவள் நோட்டு நனைந்திருந்தது.
ஊர் மூச்செல்லாம் படிந்து வெளுத்த பின் கண்ணாடியில்
விரலால் ஒரு கப்பல் வரைந்தேன்.
எடைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு.
மிதப்புக்கு மேல்நோக்கி ஓர் அம்பு.
இரண்டும் சமம். ஆகவே மிதக்கிறது.

"சாய்ந்தால்?" என்றது பின் இருக்கை.
ரப்பர் பூட்ஸ், மடியில் மீன் கூடை.
"சாய்கிறது, திரும்ப நிமிர்கிறது.
முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.
யார் நிமிர்த்துகிறார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள்
நயாரெத் பக்கத்துக் கண்ணாடியில்
சாய்ந்த கப்பல் ஒன்றைப் போட்டுவிட்டாள்.
எடை அம்பு நடுவில் அப்படியே.
மேல்நோக்கும் அம்பை மட்டும்
யோசித்து, அழித்து,
சாய்கிற பக்கமாகத் தள்ளி வரைந்தாள்.
"தாங்குகிற கை
விழுகிற பக்கம் போய் நிற்கிறது," என்றாள்.
பிறகு என்னைப் பார்த்தாள், சரியா என்று.

பூட்ஸ்காரர் "அட" என்றார்.

ரெக்ரெயோ எப்போதோ போயிருந்தது.
இறங்கி மழையில் திரும்பி நடந்தேன்.
பதினைந்து நிமிடத் தாமதம், கால்மணிக் கூலி பிடித்தம்.
இரண்டு கப்பல்களும் வண்டியோடு
கொன்கோன் வரை போயிருக்கும்,
வழியில் யாராவது சட்டைக் கையால் துடைக்காதிருந்தால்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
"வேறு ஏதேனும்?"
இருநூறு எழுத்துக்கு இடம்.
ஜன்னலைப் பற்றி எழுதினேன்.
ஜனவரியைப் பற்றி எழுதத் தொடங்கினேன், இடம் போதவில்லை.

கப்பலைப் பற்றி எழுதவில்லை.
எழுதினால்
அடுத்த வருடம் அதையே சம்பளம் என்பார்கள்.