ஐப்பசிக் கணக்கெடுப்பு

கங்கைகொண்டான் விலக்கில் இறங்கும்போது
மணி ஐந்தரை.
நால்வழிச்சாலையில் லாரிகள் கிழித்தது போக
மிச்ச இருட்டு காட்டுக்குள் நின்றது.
மின்வாரியத்தில் மீட்டர் குறிப்பவன் நான்.
எண்ணத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.
பல் டாக்டர் செல்வின் கழுத்தில்
கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா.
மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் நிஸா,
கல்லூரியில் விலங்கியல், பையில் இரண்டு முறுக்குப் பொட்டலம்.
காவலர் இசக்கிதுரை
ஆளுக்கொரு படிவம் நீட்டினார்:
இனம், எண்ணிக்கை, நேரம், குறிப்பு.

முதலில் ஒரு குரல்.
இரண்டே சுரம், ஈரமாய், உடைமரத்தடியிலிருந்து.
'ஆறுமணிக்குருவில்லா!' என்றார்.
என் கைக்கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.
'வடக்கேருந்து நேத்துதான் வந்து எறங்கிருக்கு.
நம்ம மணிக்கு மாற ரெண்டு நாள் ஆவும்.'
பார்க்கவில்லை. கேட்டதையும் எழுதலாமாம்.
எழுதினேன்: ஒன்று.

முந்தாநாள் பெய்தது பெரிய மழையில்லை.
அதற்கே செவல்மண் பூராவும்
தம்பலப்பூச்சி சிந்திக் கிடந்தது,
யாரோ ஜாக்கெட் வெட்டும்போது
கத்திரிக்கோலுக்குத் தப்பிய வெல்வெட் துணுக்குகள்.
டாக்டர் மண்டியிட்டார்.
அவர் எழுந்திருக்கும்வரை
கொசுவுக்கு எங்களைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

காலண்டர்ப் படங்களில்
இந்தப் பருவத்துக்கு மரங்கள் உதிர்க்கும்.
இங்கே குடைவேலம் இப்போதுதான்
முள்ளுக்கு முள் தளிர்விடுகிறது.
உதிர்ப்பது மயில்.
ஓடையைக் கடந்த ஆண்மயிலுக்குப் பின்னால்
ஒன்றுமே இல்லை.
அடகுக்கடையிலிருந்து வெளியே வரும் மாப்பிள்ளைபோல
இருபுறமும் பார்த்துவிட்டு
விறுவிறுவென்று போனது.
ரஹ்மத் நிஸா சிரித்துவிட்டாள்.
பிறகு அதனிடம் மன்னிப்பும் கேட்டாள்.

எட்டரை ஆகியும் மான் இல்லை.
குளம்படி உண்டு.
புழுக்கை உண்டு, இன்னும் பளபளப்போடு.
கொம்பு உரசிப் பட்டை போன மரம் உண்டு.
கௌதாரி நான்கு. கொண்டலாத்தி ஒன்று.
மின்கம்பியில் பனங்காடை ஒன்று,
கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டேன்,
பழக்கதோஷம்.
கீரி ஒன்று நின்று
எங்களை எண்ணிவிட்டுப் போனது.

கடைசியில் புல்லுக்குள் என் கால் இடறியது
ஒரு கொம்பில்.
மூன்று கிளை.
அடிவட்டத்தில் கறுத்துக் காய்ந்த ரத்தம்.
எடுத்தால், நினைத்ததைவிடக் கனம்.
'குடுங்க சார். விழுந்தாலும் அரசாங்கச் சொத்துல்லா.'
நோட்டில் இடம், நேரம், நீளம் எழுதி
கீழே, மான் தென்படவில்லை என்றும் எழுதினார்.
என் படிவத்தில் எண்ணிக்கைக் கட்டம் காலி.
அரை என்று போட்டேன்.
வாங்கி அடித்துவிட்டார்.

டீக்காக சிப்காட் பக்கம் நடந்தோம்.
அட்டைப்பெட்டி கம்பெனி கேட்டுக்கு உள்ளே
தெளிப்பான் சுற்றுகிற புல்தரையில்
பத்தொன்பது மான்.
ஷிஃப்ட் சங்கு ஊதியது.
ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.
டாக்டர் கேமரா மூடியைக் கழற்றினார்.
அந்த 'டிக்'குக்குப்
பத்தொன்பது தலையும் எழுந்தன.

இசக்கிதுரை தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.
'வேலிக்கு இங்கிட்டு நிக்கு.
நம்ம கணக்குல வராது.'
வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.
'டெய்லி வருது சார்.
ரிஜிஸ்டர்ல எழுதணுமான்னு மேனேஜர்ட்ட கேட்டேன்.
கையெழுத்துப் போடுமாலேன்னு கேட்டாவ.'

முறுக்குப் பொட்டலம் பிரிகிற சத்தத்தில்
பதினெட்டு மான் போய்விட்டன.
ஒற்றைக்கொம்பன் மட்டும் நின்றது,
எங்களைப் பார்த்தபடி,
தலை கொஞ்சம் சாய்ந்து,
இன்னும் விழாத பக்கமாக.