வாயால் அல்ல

வேஸர் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து
கல்லறைக் காவலர் வெண்டெலின் க்ராஃப்
அகராதி அலுவலகத்துக்கு எழுதிய முதல் கடிதத்தில்
வணக்கமும் இல்லை, தேதியும் இல்லை.

"மௌல்வுர்ஃப் என்கிறீர்கள்.
மௌல் என்றால் வாய், வுர்ஃப் என்றால் வீச்சு.
பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன்,
அகழெலி வாயால் மண் வீசுவதில்லை.
கையால் தள்ளுகிறது.
உள்ளங்கை வெளியே திரும்பிய கை,
பிறந்த குழந்தையுடையது போல ரோஸ் நிறம்.
சொல்லைத் திருத்தவும்."

கோட்டிங்கனில், மூன்றாவது மாடியில்,
எப்போதும் சிக்கும் 'எம்' இழுப்பறையை
இடுப்பால் முட்டித் திறந்தாள் கெஸீனெ ஹார்பெக்.
பழுப்புச் சீட்டுகள்.
செத்துப்போன யாரோ ஒருவரின் சாய்வெழுத்து.
ரொட்டியைக் கடித்தபடியே பதில் எழுதினாள்.

"நீங்கள் சொல்வது சரி.
சொல்லும் முதலில் சரியாகத்தான் இருந்தது.
ஆயிரம் வருடம் முன்பு அதன் தலைமாட்டில் இருந்தது மூ.
மூ என்றால் குவியல். குவியல் எறிவது.
ஜனங்கள் மூவை மறந்தார்கள்,
மோல்ட் என்று மாற்றினார்கள். மோல்ட் என்றால் புழுதி.
அதையும் மறந்தார்கள்.
அர்த்தம் விழுந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி,
நாக்கு சும்மா இராது.
கைக்குக் கிடைத்ததை வைத்து அடைத்தார்கள்.
கிடைத்தது வாய்."

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை.

"அப்படியென்றால் நான் வேலை பார்க்கும் இடம்?
ஃப்ரீட்ஹோஃப். அமைதி முற்றம்.
அதாவது மிச்சமா?"

இழுப்பறை தேவையில்லை, அவளுக்குத் தெரியும்.
இருந்தும் 'எஃப்' வரை நடந்தாள்.
தேவாலயத்தைச் சுற்றி வளைத்து அடைத்த முற்றம்,
காக்கப்பட்ட இடம், அவ்வளவுதான்.
அமைதி பிற்பாடு வந்தது,
ஓசை ஒத்துப்போனதால்
உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

எழுதலாமா?
ஏதோ ஒரு வரிசையில் அவருக்கு
யாராவது இருக்கலாம்.
ஜன்னலுக்கு வெளியே டிராக்டர் மாதிரி
ஒரு பேருந்து இருமிக்கொண்டு நின்றது.
வேலி, என்று மட்டும் எழுதித்
தபால்தலை ஒட்டினாள்.

நவம்பரில் இரண்டாவது அட்டை.

"நல்லது.
அமைதியைப் பராமரிக்க எனக்குத் தெரியாது,
வேலி தெரியும்.
வடக்குப் பக்கம் நாலு கம்பி மாற்றினேன்.
கதவுக்கு எண்ணெய் விட்டேன்.
அகழெலி அடியில் போய்வருகிறது,
இரண்டு பக்கமும் குவியல்.
மூ."

எந்த இழுப்பறையில் போடுவது என்று தெரியாமல்
கோட்டுப் பையில் வைத்திருந்தாள்,
ரொட்டித் துகள்களோடு,
அந்தக் குளிர்காலம் முழுக்க.