கிழிந்த இருபது

பெட்டி வரவில்லை.
சுழலும் பட்டையில் கடைசியாக
ஒரு குழந்தையின் மிதிவண்டி மூன்று சுற்று போய்வந்தது.
பிறகு அதையும் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.
அச்சு இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்க்க வந்தவள் நான்.
என் திருப்புளிகளும் குறடுகளும்
பாங்காக்கிலேயே தங்கிவிட்டனவாம்.
கவுண்டரில் இருந்த பெண் படிவத்தில் முத்திரை குத்தி
இரண்டு கையாலும் நீட்டினாள்,
பரிசு தருவதுபோல.

அப்படித்தான் வந்து சேர்ந்தேன் ப்னோம் பென்னுக்கு,
வீசிய கையும் வெறுங்கையுமாக.

வெளியே மழை நின்றிருந்தது,
அல்லது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
டுக்டுக்காரர்கள் சூழ்ந்து கூவ,
ஒருவன் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஈர இருக்கையைச் சட்டைக்கையால் துடைத்தான்.
பெயர் கேட்டேன்.
போரின் என்றான்.

நம் எழுத்தில் எழுதினால்
அது பாதியில் நிற்கும் வாக்கியம்.
போரின்...
எது? யார்?
அவனுக்கு முப்பது இருக்கும்.
கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தை
ஒரு விரலால் ஆடவிட்டு
வண்டியைக் கிளப்பினான்.

கடைப் பலகைகளில் எழுத்துக்கு எழுத்து தலைமுடி.
சுருட்டி, வாரி, சிலதுக்குக் கொண்டை.
ஏதோ கல்யாண வீட்டில் பார்த்த முகங்கள்;
இன்னார் என்றுதான் பிடிபடவில்லை.
நானும் சிரித்துவைத்தேன்.

பூப்போட்ட பைஜாமாவில் பெண்கள்
சாலையோரம் மீன் விலை பேசினார்கள்.
தூங்கி எழுந்தவர்களா, தூங்கப் போகிறவர்களா?
மணி மாலை ஐந்தரை.

சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்றது ஒரு பைக்.
நடுவில் வயதானவர், புறங்கையில் ஊசி.
பின்னால் இருந்த பெண் குளுக்கோஸ் பையை
உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்,
விடை தெரிந்த பள்ளிப்பிள்ளை மாதிரி.
பச்சை விழுந்தது.
சொட்டுச் சொட்டாக
அவர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

தெருக்களுக்கு எண்கள். வீடுகளுக்கும் எண்கள்.
ஆனால் ஐம்பத்துமூன்றின் அண்டைவீடு நூற்றிருபது,
அதை அடுத்து ஒன்பது,
வளைவு தாண்டினால் மறுபடி ஓர் ஐம்பத்துமூன்று.
முதல் ஐம்பத்துமூன்று தையற்கடை.
வழி கேட்டோம்.
நான்கு பேர் நான்கு திசை காட்டினார்கள்.
போரின் ஐந்தாவதில் ஓட்டினான். விடுதி அங்கேதான் இருந்தது.

கூலி ஐந்து டாலர்.
என்னிடம் ஒரே ஓர் இருபது.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
ஓரத்தில் ஒரு கிழிசல், அரிசி நீளம்கூட இல்லை.
தலையாட்டினான்.
விடுதிப் பெண்ணும் தலையாட்டினாள்.
பணம் மாற்றும் கடையில்
ரியெல் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த அம்மாள்
நோட்டைத் தொடவே இல்லை.
முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று
நோட்டிலிருந்த மனிதருக்காக வாதாடினேன், தமிழில்.
அப்போது மின்சாரம் போனது.
ஏடிஎம்மும் கண்ணை மூடிக்கொண்டது.

இருட்டில் போரின் தன் சட்டைப்பையைத் துழாவினான்.
பத்தாயிரம் ரியெல்.
என் உள்ளங்கையில் வைத்து
ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனான்.
சாப்பிடு.
பிறகு வானத்தைக் காட்டி, கையைச் சுழற்றி,
நாளை என்றான்.
அல்லது மழை என்றான்.
இரண்டும் வந்தன.

மெழுகுவத்தி வைத்த தள்ளுவண்டியில்
கஞ்சியும் கருவாடும் ஏழாயிரம்.
வந்த மூன்று மணி நேரத்தில்
இந்த ஊரில் எனக்கென்று ஆனது
ஒரு கடன் மட்டும்.
ஈறுவரை சுடச்சுட இருந்தது அது.
மிச்சம் மூவாயிரத்தைத் தலையணைக்கடியில் வைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

காலையில் ஏடிஎம் மொடமொடப்பாகத் தந்ததைச்
சில்லறை மாற்றி வந்தேன்.
எதிரே மரத்தடியில் அதே வண்டி.
உள்ளே குறுக்கே கட்டிய தூளி,
வெளியே நீண்ட ஒரு கால்,
சேற்றில் ஒற்றைச் செருப்பு.
மல்லிகைச் சரம் பழுத்திருந்தது.

ஐந்து டாலரும் பத்தாயிரமும் கையில்.
பெட்டி மதியம்தான் வருமாம்.
பால்காரனா ஐஸ்காரனா, யாரோ மணியடித்துப் போக
வாயில் விரல் வைத்து
நான் அவனை அதட்டினேன்,
இந்தத் தெருக்காரி மாதிரி.

போரின்
உறங்குகிறான்.