இருபத்திரண்டு

டோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில்
இரவுப் பணிக்கு ஒரு கணினி, ஒரு கெட்டில், நான்.
காற்று ஏறினால் படகுகளை நிறுத்தி
நிறுத்தியதைத் தீவுகளுக்குச் சொல்ல
ஒரு நிரல்.

நிரலுக்குச் சுயபுத்தி கிடையாது.
விழித்ததும் அது கேட்பது
காற்று எவ்வளவு என்றல்ல,
எந்தக் கோப்பைப் படிக்க என்று.
சூழலில் அதற்கென்று ஒரு மாறி இருந்தால்
அது கைகாட்டும் கோப்பு.
இல்லையென்றால்
வழக்கமான இடத்தில் வழக்கமான கோப்பு.
யார் கைகாட்டினார், எப்போது,
அதெல்லாம் அதற்கு வேண்டாம்.

மாறிக்கு மதிப்பு வைக்கும் வரி
‘ஏற்றுமதி’ என்று தொடங்கும்.
ஏற்றுமதி கீழ்நோக்கி மட்டும்:
ஷெல் வைத்திருப்பது பிள்ளை நிரலுக்குப் போகும்,
பிள்ளை அதை என்ன செய்தாலும்
மேலே சேதி வராது.
(ஆர்ஹுஸில் படிக்கும் என் மகனும் இப்படித்தான்.)

பிப்ரவரி, பின்னிரவு இரண்டரை.
தென்கிழக்குக் காற்று, இருபத்துமூன்று.
நிரலை ஓட்டினேன். படகு இல்லை என்றது.
செய்தி போன மறுநிமிடம் ஃபோன்.
‘ரன்வா, நான் சுவுரோய்க்கு மாற்றலாகி
நாலு மாதம் ஆகிறது.
இன்னும் எனக்கும் வருகிறது.’
ஹெரால்வூர். தூக்கக் குரல்.

மாறியை அச்சிட்டுப் பார்த்தேன்.
அவன் பெயரில் ஒரு அடைவு,
அதனுள் ஒரு கோப்பு.
அக்டோபரில் அவன் திறந்துவைத்துப் போன ஜன்னல்
ஒருவரும் மூடவில்லை.
அதிலேயே உட்கார்ந்து
குளிர்காலம் முழுக்க நான் தட்டியிருக்கிறேன்.

அலுவலக எல்லை இருபத்தைந்து.
அவன் கோப்பில் இருபத்திரண்டு.

மீன் தொழிற்சாலைக்காரர்கள்
பயந்தாங்கொள்ளி என்றது என்னை.
கல்யாணத்துக்குப் போக முடியாத அந்தக் கிழவர்
கதவை அறைந்துவிட்டுப் போனதும்
என் முகத்தில்தான்.
மூன்று மீட்டர், ஹெரால்வூர்,
உன் மூன்று மீட்டர்.

திட்ட வாயெடுத்து
கோப்பைக் கீழே உருட்டினேன்.
எண்ணுக்கு மேல்
நிரல் படிக்காமல் தாண்டும் குறிப்பு வரி ஒன்று:
‘இருபத்துநான்கில் ஒருமுறை விட்டேன். போதும்.’

‘லைனில் இருக்கிறாயா?’
‘இருக்கிறேன்.’
‘என் எண்ணை எடுத்துவிடு, தூங்க முடியவில்லை.’
‘சரி.’

மாறியை நீக்கினேன்.
அனுப்பாமல் சோதித்துப் பார்க்கும் வழி உண்டு,
சோதித்தேன்.
வழக்கமான கோப்பு சொன்னது: படகு போகலாம்.
ஜன்னல் கண்ணாடி விடாமல் அதிர்ந்தது.
கர்சர் மினுக்கியது,
எந்தப் பக்கமும் சாயாமல்.

அந்த நீளமான பாதையை
எழுத்து எழுத்தாக நானே அடித்தேன்.
ஒரு சாய்கோடு விட்டுப்போய் திரும்பவும் அடித்தேன்.
அடித்தது ஹெரால்வூர் கோப்பின் பாதை.
அடித்தது நான்.

அவன் எண்ணை மட்டும்
இன்னும் எடுக்கவில்லை.