அசையும் சொத்து

முப்பத்தொன்று கை மேலே, இருபத்தொன்பது கை மடியில்.
நான்தான் எண்ணினேன், இரண்டு தடவை.
மேலே போன கைகளில் என்னுடையதும் ஒன்று.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டமில்லை,
இங்கே எழுதி வைக்கிறேன்.

இரவு பத்தே காலுக்கு
சூர்கிராப் ஊராட்சி
வால்தோர்ன் நகராட்சியில் கரைந்தது.
யாரும் அழவில்லை. நனைந்த கம்பளிக் கோட்டுகள் நாறின.
பார்லா ஜன்னலைத் திறந்தாள்.
ஆல்ப்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் படிவம் வந்தது.
அசையாச் சொத்து:
பள்ளிக்கூடம், பிள்ளைகள் நான்கு பேர்.
அசையும் சொத்து:
ஒன்று, தீயணைப்பு வண்டி.
இரண்டு, அதன் குழாய், நாற்பது மீட்டர், ஓட்டை ஒன்று.
மூன்று, பனி தள்ளும் பலகை.
நான்கு, சவப்பெட்டி இறக்கும் கயிறு, இரண்டு.
ஐந்து, காளை.

ஊருக்குப் பொதுவான காளை. பெயர் மோரின்.
நெற்றியில் வெள்ளைச் சுழி,
எடை தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோ.

ஏப்ரலில் அதிகாரி ஆம்ஸ்டுட்ஸ் வந்தார்,
சேற்றுக்கு ஆகாத காலணியில்.
அவர் காளையைப் பார்த்தார். காளை அவரைப் பார்த்தது.
"ஆண்டுத் தேய்மானம் எத்தனை சதவீதம்?"
ஃப்ளூரின் தொப்பியைக் கழற்றினான்:
"வருஷம் முப்பத்தைந்து கன்று போடவைக்கிறான் ஐயா.
தேய்மானமா இல்லையா, நீங்களே பார்த்துப் போடுங்க."
அவர் யோசித்து, 'வாகனம்' என்று எழுதினார்.
அடுத்த வாரம் காப்பீட்டு அட்டை வந்தது.

ஜூனில் வாகனம் வேலியை உடைத்தது.
எல்லைக்கல் தாண்டி, ஓடை தாண்டி,
கீழே பாதுன்ஸ் ஊர்ப் பசுக்களிடம் போய்
மூன்று பகல் தங்கியது.

தொண்ணூறு வருஷமாக இதற்கு அபராதம் உண்டு.
அவர்கள் எழுதுவார்கள், நாங்கள் மறுப்போம்.
ஒரு தடவை பேச்சு முற்றி
என் அப்பாவுக்கு முன்பல் போனது.
இப்போது அவர்களும் வால்தோர்ன், நாங்களும் வால்தோர்ன்.
பழக்க தோஷம், சீட்டை நானே எழுதினேன்.
அனுப்புநர்: வால்தோர்ன். பெறுநர்: வால்தோர்ன்.
மூன்று வாரத்தில் முத்திரையோடு திரும்பி வந்தது:
வரவு செலவு நேர்.

மார்ச்சில், பனி இன்னும் விடாத ஒரு நடுராத்திரி,
தொலைபேசி அடித்தது.
பாதுன்ஸிலிருந்து பிரைதா.
அந்த ஊர்க் குரல் இந்த வீட்டுக்குள் வந்ததேயில்லை.
"உங்க காளை" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.
"நம்ம" என்று சொல்லிப் பார்க்க
ஒரு மூச்சு எடுத்தாள்; வரவில்லை.
"காளை" என்றாள், மொட்டையாக.
"அதோட கன்று. பின்னங்கால் முன்னால வருது.
இழுக்கக் கயிறு பத்தல. உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது.
வரிசை எண் நான்கு.
இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு
இருட்டில் சறுக்கிச் சறுக்கி இறங்கினேன்.
எல்லைக்கல்லில் முழங்கால் இடித்தது.