கணக்கில் மட்டும் இருந்த டின்கள்

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
சீசன் முடியும்வரை
பெங்களூரா மாம்பழ வாசனை
சோல்டரிங் புகையிலும் ஏறியிருக்கும்.

இரவு ஷிப்ட், மூன்றாவது பெல்ட்.
கவுண்ட்டர் சொன்னது
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
குடோனில் அடுக்கி எண்ணினால்
நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து.

பதினேழு டின் எங்கே என்று
கோவிந்தம்மாவை நிற்கவைத்துக் கேட்டார் திம்மராயன்.
"எடுத்தியா, எடுக்கலியா?
ஒண்ணு ஆமான்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு."

மூணு கிலோ டின்.
ஐம்பத்தோரு கிலோவை மடியில் கட்டிக்கொண்டு
கேட் செக்கிங்கை எப்படித் தாண்டுவாள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
மிஷின் பொய் சொல்லாதாம்.

சொல்லாதுதான்.
தெரியாது என்றும் சொல்லாது.

பெல்ட்டை நிறுத்தச் சொல்லிப் பேனலைத் திறந்தேன்.
துள்ளலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
தகடும் தகடும் ஒரே தடவையில் சேராது,
தொட்டு விலகித் தொட்டு விலகி
அப்புறம்தான் அடங்கும்.
அந்தக் கூத்தை நம்பாதே,
ஐந்து மில்லிசெகண்ட் பொறுத்துப் பார் என்று
போன சீசனிலேயே சொல்லிவைத்திருக்கிறேன்.
அது இல்லை.

மீட்டர் முனையை உள்ளீட்டில் வைத்தேன்.
ஒன்று புள்ளி நாலு.

புள்ளி எட்டுக்குக் கீழே இருந்தால் இல்லை.
இரண்டைத் தாண்டினால் உண்டு.
நடுவில் கிடக்கும் அந்தத் தரிசைப் பற்றி
டேட்டாஷீட் ஒரு வரி எழுதவில்லை.
எழுதாவிட்டால் என்ன,
சிப்பு அங்கேயும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீரும்.
பாய்லர் மோட்டார் கிளம்பினால் ஒரு பதில்,
ஜெனரேட்டருக்கு மாறினால் வேறொரு பதில்.

பெல்ட் நின்றுகொண்டிருந்தது.
கம்பியின் மொட்டை முனையில் விரலை வைத்தேன்.
ஒரே நொடியில்
நாற்பதுக்கும் மேல் டின்கள் கடந்து போயின.
திம்மராயன் கவுண்ட்டரைப் பார்த்தார்,
காலி பெல்ட்டைப் பார்த்தார்,
என் விரலைப் பார்த்தார்.

பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர்.
அதிர்ந்து அதிர்ந்து ஒரு கால் பெயர்ந்திருந்தது.
அதற்கு இருக்கிற வேலையே ஒன்றுதான்:
யாரும் தொடாத நேரத்தில்
கம்பியை ஐந்து வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிப்பது.
இறுக்கி இல்லை.
ஒரு டின் வந்து இடித்தால்
விட்டுக்கொடுக்கிற அளவுக்கு.
அது விட்டுப்போனால் கம்பி அந்தரத்தில் நிற்கும்,
காற்றில் வருகிற எல்லாருடைய பேச்சையும்
தன் பேச்சாகச் சொல்லிக்கொண்டு.

ஈயம் உருகியது. மீட்டரில் ஐந்து.
கையால் ஸ்விட்சை அழுத்தினேன், பூஜ்ஜியம். விட்டேன், ஐந்து.

"அப்போ அந்தப் பதினேழு?"
"வரவே இல்ல சார்."

கோவிந்தம்மா கையுறையைக் கழற்றியபடி
பேனலுக்குள் எட்டிப் பார்த்தாள்.
"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல
இதுல ஒரு லைட்டு வெக்கலியா?"
இல்லை என்றேன்.
"எத்தினி லைட்டு வெச்சிருக்கான்," என்றாள்.

தூணுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளை
அப்போதுதான் கவனித்தேன்.
தட்டுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்கு.
ஷிப்ட் ஆரம்பத்திலிருந்தே போட்டிருக்கிறாள்.
அதை யார் கேட்டார்கள்?

திம்மராயன் ரிஜிஸ்டரில்
பதினேழை ஒரே கோட்டில் அடித்தார்.
நேராக எழுதியிருந்த பெயரை அடித்தாரா என்று
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.
பேனாவைக் கொஞ்ச நேரம்
தாளுக்கு மேலே பிடித்திருந்தார்.

பெல்ட்டைப் போடுங்க என்று யாரோ கத்தினார்கள்.